வாக்காளரின் அங்கதம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அங்கதம் என்னும் சொல் இவ்வட்டத்தார்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் அதனைச் செம்பொருள் அங்கதம் என்றும் பழிகரப்பு அங்கதம் என்றும் இருவகைப்படுத்தினார். வெளிப்படையாகப் பழிப்பது ஒன்று. பழிப்பை உள்ளே மறைத்துவைத்துப் பேசுவது மற்றொன்று. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் புகழ்ந்த புகழ்ச்சி இந்த இரண்டாம் வகையோடு சேர்த்து எண்ணத்தக்கது. வேல்கள் பளபளவென்று இருக்கின்றன என்றார் அம்மூதாட்டியார். போர்க்களம் காணாத வேல் பளபளக்காமல் வேறென்ன செய்யும் என்பதைக் கேட்டவன் தானே உணர்ந்துகொள்ள விட்டுவிட்டார்.

இக்கலை புலவர்க்கு மட்டுமே உரியதென்று கருதுவது வழக்கம். ஆனால் யாப்பும் அணியும் அறியாத எளிய மனிதர் ஒருவர் இதனை நான்காண்டுகளுக்கு ஒருமுறை, மிக இயல்பாக, பெரும் பதவியை நாடி வருவோர் முகத்துக்கு நேராகவே கையாண்டு வருகிறார். அவர் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வாக்காளர். அவருடைய அங்கதம் எதனால் வளர்ந்தது, அதற்கு இன்று நேர்ந்திருக்கும் இடர் யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

நியூ ஹாம்ப்ஷயர் அந்நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள சிறு மாநிலம். மக்கள்தொகை ஏறத்தாழ 14 இலட்சம். மலையும் காடும் கருங்கல்லும் பனியும் நிறைந்த நிலம். ‘விடுதலையாய் வாழ்க, இல்லையேல் மடிக’ என்னும் பொருள்பட்ட வாசகம் அங்குள்ள ஊர்திகளின் எண்பலகையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்கு உறுப்பினர் 400 பேர். ஒவ்வொருவருக்கும் ஆண்டுச் சம்பளம் 100 டாலர். அதாவது மூவாயிரத்தைந்நூறு பேருக்கு ஓர் உறுப்பினர். ஆகவே சட்டமன்ற உறுப்பினர் எனப்படுபவர் அங்கே பெரும்பாலும் அடுத்த தெருக்காரர். கடையில் பால் வாங்க வரிசையில் நிற்பவர். அடுத்த தெருக்காரரைக் கண்டு எவரும் எழுந்து நிற்பதில்லை. இந்தப் பழக்கம், நாட்டின் குடியரசுத் தலைவராக விழைவோர் வந்து நிற்கும்போதும் அவ்வூர் மக்களை விட்டு நீங்குவதில்லை.

அவர்கள் ஏன் அங்கு வந்து நிற்கிறார்கள் என்பதைச் சற்றே விளக்க வேண்டும். தமிழகத்தில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிக்கும். வாக்காளர் மறுநாள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்வார். அமெரிக்காவிலோ, கட்சிகளின் வேட்பாளரைத் தெரிவு செய்வதற்கே மாநிலந்தோறும் ஒரு முன்தேர்தல் நடைபெறுகிறது. ‘பிரைமரி’ என்று அவர்கள் வழங்கும் அதனை முதனிலைத் தேர்தல் எனலாம். எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் இதனை நடத்துவதில்லை. குளிர்காலத்தில் தொடங்கி, சூன் மாதம் வரை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். இந்த வரிசையில் முதலாவதாக நிற்பது நியூ ஹாம்ப்ஷயர். அதற்கு முன்னரே அயோவா மாநிலத்தில் கட்சிக்கூட்டங்கள் நடப்பதுண்டு. எனினும் மறைவான வாக்குச்சீட்டு முறையில் நடக்கும் முதனிலைத் தேர்தல்களுள் முதன்மை நெடுங்காலமாக இம்மாநிலத்துக்கே உரியதாக இருந்தது.

அந்த முதன்மை எவ்வாறு வந்தது? பெரும் கொள்கையால் வந்ததன்று; சிக்கனத்தால் வந்தது. நியூ ஹாம்ப்ஷயர் சிற்றூர்களில் ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்து இரண்டாம் செவ்வாயன்று ஊர்க்கூட்டம் கூடும். சாலைப் பழுது முதல் பள்ளிக்கூடச் செலவு வரை ஊரார் ஒன்றுகூடி, கையுயர்த்தி முடிவு செய்வார்கள். அந்நாளில் எப்படியும் ஊர்மன்றத்து அடுப்பை மூட்டித்தான் ஆகவேண்டும். இன்னொரு நாள் தேர்தல் வைத்து விறகையும் விளக்கெண்ணெயையும் வீணாக்குவானேன்? பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகுமுன்னர் இரண்டு வேலையையும் ஒருசேர முடித்துவிடலாமே என்று கருதினார்கள். 1916-ஆம் ஆண்டில் முதன்முறையாக முதனிலைத் தேர்தல் அவ்வாறு நடந்தது. 1920-ஆம் ஆண்டில் அது நாட்டிலேயே முதலாவதாக அமைந்தது. உலகத்தின் வல்லரசு ஒன்றின் தலைமையை முடிவு செய்யும் நெடும்பயணம் ஓர் ஊரின் விறகுக் கணக்கிலிருந்து தொடங்கியது என்பதில் அம்மக்களுக்கு இன்றளவும் ஒரு மறைந்த பெருமிதம் உண்டு.

தொடக்கத்தில் வாக்குச்சீட்டில் தலைவர் பதவிக்கு விழைவோரின் பெயர் இல்லை. கட்சி மாநாட்டுக்குச் செல்லும் பேராளர்களின் பெயரே இருந்தது. யாருக்கு வாக்களிக்கிறோம் என்று தெரியாமல் வாக்களிக்க மக்கள் எவ்வளவு காலந்தான் வருவார்கள்? 1949-இல் சட்டமன்றத் தலைவராயிருந்த ரிச்சர்டு அப்டன் முன்னின்று சட்டத்தைத் திருத்தி, விழைவோரின் பெயரையே சீட்டில் இடச் செய்தார். 1952-இல் அது முதன்முறை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில், பதவியிலிருந்த ட்ரூமன் இம்முதனிலைத் தேர்தல்களைப் பற்றி ஒரே சொல்லில் தீர்ப்பளித்தார். அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘கண்துடைப்பு’ என்பதைக் காட்டிலும் பொருத்தமான சொல் இல்லை. எழுத்துக்கு எழுத்து அதே உருவகம். டென்னசி மாநிலத்துச் செனட்டர் கெஃபோவர் பனியில் தெருத்தெருவாக நடந்து, கண்ட கையையெல்லாம் குலுக்கினார். மார்ச்சு மாதத்தில் வாக்கெண்ணியபோது ட்ரூமன் தோற்றிருந்தார். அம்மாதம் முடிவதற்குள் தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என அறிவித்தார். கண்துடைப்பு, துடைத்தே விட்டது. அதே நாளில் குடியரசுக் கட்சியார் தெரிவு செய்த ஐசனோவர் அப்போது ஐரோப்பாவில் படைத்தலைவராக இருந்தார். மாநிலத்துக்கு வரவே இல்லை. வந்து நடந்தவரும் வென்றார், வராதவரும் வென்றார். இதிலிருந்து எந்த இலக்கணமும் வகுக்க முடியாது என்பதை அன்றே வாக்காளர் உணர்த்திவிட்டார். இலக்கணம் வகுப்போர் அதன்பின்னும் ஓயவில்லை என்பது வேறு செய்தி.

இனி, அவ்வாக்காளரைச் சற்று அருகிருந்து காண்போம்.

அவரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. இன்னாருக்கு வாக்களிப்பீர்களா என்று ஒருவரைக் கேட்டார்களாம். ‘எப்படிச் சொல்வது? அவரை இன்னும் மூன்று முறைதானே சந்தித்திருக்கிறேன்’ என்றாராம். நாட்டின் பிற பகுதியில் வாழ்நாள் முழுதும் ஒரு முறையேனும் காணக் கிடைக்காத தலைவர்கள், இங்கே ஒரு குளிர்காலத்தில் மூன்று முறை கைகுலுக்கியும் போதவில்லை. மற்றொரு கதையைச் சொல்லி மகிழ்ந்தவர் மோ உடால். 1976-இல் வேட்பாளராக நின்று தோற்ற அரிசோனா மாநிலத்துப் பெருமகன். தம்மைத் தாமே நகையாடத் தெரிந்த அரசியல்வாதி. முடிதிருத்தும் கடை ஒன்றில் நுழைந்து, தாம் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுவதாகத் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டாராம். ‘தெரியும், காலையில் அதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம்’ என்று விடை வந்ததாம். இதில் பழிகரப்பும் இல்லை, செம்பொருளேதான். ஆயினும் சொன்னவர் முகத்தில் பகை இல்லை, கேட்டவர் மனத்தில் புண் இல்லை. கத்தரிக்கோலும் நிற்கவில்லை என்று கொள்ளலாம்.

மான்செஸ்டர் நகரில் ‘ரெட் ஆரோ’ என்னும் சிற்றுணவகம் உண்டு. 1922 முதல் நடந்துவருவது; இரவும் பகலும் திறந்திருப்பது. வேட்பாளராக வருவோர் அங்குச் சென்று உயர்ந்த முக்காலியில் அமர்ந்து உண்ணாமல் ஊர் திரும்புவதில்லை. வழக்கமாக அங்கே முட்டை உண்ண வருபவர், ஒளிப்படக் கருவிகளும் செய்தியாளரும் சூழ ஒரு முன்னாள் ஆளுநர் தம் பக்கத்து இருக்கையில் அமர்வதைக் காண்பார். சற்றே நகர்ந்து இடம் கொடுப்பார். பிறகு தம் தட்டைப் பார்ப்பார். அந்த நகர்வில் பண்பு இருக்கிறது. அந்தப் பார்வையில் தீர்ப்பு இருக்கிறது. செயிண்ட் ஆன்சல்ம் கல்லூரியை ஒட்டி நடக்கும் காலைச் சிற்றுண்டிக் கூட்டங்களிலோ, வந்து பேசும் தலைவர்கள் மரத்தால் செய்த முட்டைகளில் கையொப்பமிட்டுத் தருவது மரபு. தேர்தல் வாக்குறுதிக்கு மரமுட்டையைவிடச் சிறந்த குறியீட்டை எந்தக் கவிஞரும் படைத்ததாகத் தெரியவில்லை. எவ்வளவு அடைகாத்தாலும் உடையாது, அழுகாது, பொரியவும் பொரியாது. அதனை அம்மக்கள் மாடத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

வேட்பாளர்கள் செய்யாத வித்தை இல்லை. 1984-இல் கேரி ஆர்ட் மரவெட்டிகளின் போட்டியில் கலந்து கோடரி எறிந்தார், கோடரி குறியில் தைத்தது, தேர்தலிலும் வென்றார். அதற்கு எட்டாண்டு முன்னர், நிலக்கடலை வேளாளரான கார்ட்டருக்காக அவருடைய ஜார்ஜியா மாநிலத்து நண்பர்கள் கூட்டமாக வந்து, பழக்கமில்லாத பனியில் வீடுவீடாகக் கதவைத் தட்டினார்கள். 1980-இல் நாஷுவா ஊர்ப் பள்ளியொன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்த விவாதத்தில், ஒலிவாங்கியை நிறுத்தச் சொன்னபோது, ‘இதற்குப் பணம் கட்டியவன் நான்’ என்று ரீகன் முழங்கினார். சொற்பொழிவு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. எனினும் அன்றைய கூட்டத்தில் மக்கள் நினைவில் நின்றது அதுவே. மேடையேறுவோர் யாவரும் மறவாமல் நினைக்க வேண்டியது 2016-இல் ஆனோவர் ஊரில் நிகழ்ந்தது. இரண்டு குடியரசுத் தலைவர்களைத் தந்த குடும்பத்தவரான ஜெப் புஷ், உருக்கமாகப் பேசி ஒரு கருத்தை முடித்தார். அவை அமைதியாக இருந்தது. ‘தயவுசெய்து கைதட்டுங்கள்’ என்றார். கைதட்டினார்கள். கேட்டபின் தட்டிய அக்கைதட்டலினும் கூரிய அங்கதம் உண்டோ?

வாக்காளரின் இந்நகைப்புக்கு உணவூட்டும் வேறொரு வழக்கமும் அம்மாநிலத்தில் உண்டு. ஆயிரம் டாலர் கட்டணம் செலுத்தினால், தகுதியுடைய எவரும் தம் பெயரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கான வாக்குச்சீட்டில் இடம்பெறச் செய்யலாம். 2024-ஆம் ஆண்டுச் சீட்டில் குடியரசுக் கட்சிக்கு 24 பெயர்கள், சனநாயகக் கட்சிக்கு 21 பெயர்கள். தலையில் காலணியைக் கவிழ்த்துக்கொண்டு, ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு மட்டக்குதிரை இலவசம் என்றும், பல்துலக்குவதைச் சட்டமாக்குவேன் என்றும் வாக்களித்துப் பல தேர்தல்களாக நின்றுவரும் வெர்மின் சுப்ரீம் அவர்களும் அச்சீட்டில் இருந்தார். மேனாள் ஆளுநர்க்கும் காலணித் தலைவர்க்கும் ஒரே அளவு எழுத்து, ஒரே கட்டணம். மட்டக்குதிரையை நம்பி எவரும் ஏமாந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சீட்டில் உள்ள பெயர்கள் பிடிக்காவிட்டால் தாமே ஒரு பெயரை எழுதிச் சேர்க்கும் உரிமையும் வாக்காளருக்கு உண்டு. 1964-இல் கோல்டுவாட்டரும் ராக்பெல்லரும் மாநிலமெங்கும் அலைந்து வாக்குக் கேட்டார்கள். மக்களோ அப்போது சைகோனில் தூதராக இருந்த என்றி கேபட் லாட்ஜின் பெயரை எழுதி அவரை வெல்ல வைத்தார்கள். அருகில் வந்து நின்றவர்களை அளந்து பார்த்துவிட்டு, ஏறத்தாழப் பதினான்காயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் மேல் என்று எழுதுவதற்கு எத்தகைய நெஞ்சம் வேண்டும்!

ஆனால் இவையெல்லாம் சிரிப்போடு முடிந்துவிடவில்லை. 1968 மார்ச்சு 12-இல், வியத்நாம் போரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்திக்கு நூற்றுக்கு 42 வாக்குகள் விழுந்தன. சீட்டில் பெயர் இல்லாமலே எழுதிச் சேர்க்கப்பட்ட சான்சனுக்கு 49 அளவில் கிடைத்தன. எண்ணிக்கைப்படி வென்றவர் சான்சன். ஆயினும் அம்மாதம் 31-ஆம் நாள் அவர் போட்டியிலிருந்து விலகினார். பதவியிலிருந்த தலைவர் ஒருவரை, தோற்கடிக்காமலே வீட்டுக்கு அனுப்பிய வாக்கு அது. போர் அதனால் நின்றுவிடவில்லை. இன்னும் பல்லாண்டு நீண்டது. எனினும் பனியில் நடந்துவந்து சீட்டை மடித்துப் போட்ட மக்களின் கை எவ்வளவு தொலைவு நீளக்கூடும் என்பது அன்று தெரிந்தது.

வெற்றி தோல்வி என்னும் சொற்கள் அங்கே அகராதிப் பொருளில் வழங்குவதில்லை. 1972-இல் மஸ்கி என்பவர், தம் மனைவியைத் தாக்கி எழுதிய மான்செஸ்டர் நாளிதழின் அலுவலகத்துக்கு முன்னால், பனி கொட்டும்போது நின்று பேசினார். கன்னத்தில் ஈரம் தெரிந்தது. அழுதார் என்று செய்தியாளர் எழுதினர். உருகிய பனி என்று அவர் சொன்னார். தேர்தலில் அவர்க்கு 46, மெக்கவர்னுக்கு 37. வென்ற மஸ்கி தோற்றவராகக் கருதப்பட்டார். 1992-இல் கிளிண்டன் இரண்டாமிடம் பெற்று, மீண்டெழுந்த வீரனாகத் தம்மைத் தாமே அறிவித்துக்கொண்டார், உலகமும் ஒப்புக்கொண்டது. 2020-இல் பைடன் ஐந்தாமிடம் பெற்றார். முடிவு வெளிவருமுன்னரே தென் கரோலினாவுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். அவ்வாண்டே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கவும் பெற்றார். இத்தனை விந்தைகளையும் கண்ட வாக்காளர், தேர்தல் இரவில் தொலைக்காட்சியில் அறிஞர்கள் பொருள்விளக்கம் கூறத் தொடங்கியதும் எழுந்து உறங்கப் போய்விடுவதில் வியப்பில்லை.

வடகோடியில் டிக்சுவில் நாட்ச் என்னும் குக்கிராமம். 1960 முதல் அங்கே தேர்தல் நாள் பிறக்கும் நள்ளிரவிலேயே வாக்களித்து, எண்ணி, உலகுக்கு அறிவித்துவிடுகிறார்கள். 2024-இல் வாக்காளர் ஆறு பேர். ஆறு வாக்கும் நிக்கி ஏலிக்கு. வாக்களித்தோரைவிட வேடிக்கை பார்த்தோரும் செய்தி சேகரித்தோரும் பன்மடங்கு. அன்று மாலை மாநிலக் கணக்கு முடிந்தபோது டிரம்புக்கு 54, ஏலிக்கு 43.

இனி, இதன் மறுபக்கம். ஒரு கேள்வியை நேர்மையுள்ளோர் எவரும் தவிர்க்க முடியாது. ஏறத்தாழ முப்பத்து நான்கு கோடி மக்கள் வாழும் நாட்டில், இந்தப் பதினான்கு இலட்சத்தார்க்கு மட்டும் முதற்பார்வை ஏன்? அம்மாநிலத்தில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் வெள்ளையர். சனநாயகக் கட்சிக்குத் தலைமுறை தலைமுறையாகத் தோள்கொடுத்து வரும் கறுப்பின மக்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்க, பாதி வேட்பாளர்கள் அதற்குள் விலகிவிடுவார்கள். நியூ ஹாம்ப்ஷயரோ தன் முதன்மையை 1975-இல் சட்டமாகவே இயற்றி வைத்திருக்கிறது: இதையொத்த எந்தத் தேர்தலுக்கும் முன்னதாகவே தன் தேர்தல் நடக்க வேண்டும் என்பது அச்சட்டம். பிற மாநிலங்கள் முந்த முயன்றபோதெல்லாம் நாளை முன்னே தள்ளினார்கள். மார்ச்சு பிப்ரவரியாயிற்று; 2008-இல் சனவரி 8 ஆயிற்று. இன்னும் சற்றுத் தள்ளியிருந்தால் கிறித்துமசு விருந்தில் வாக்குப்பெட்டியும் இடம்பெற்றிருக்கும். நகைச்சுவை உணர்வு மிக்க அம்மக்கள், தங்கள் முன்னுரிமையைப் பற்றி மட்டும் நகையாடுவதில்லை. அது அவர்தம் குறை.

2024-க்கான அட்டவணையில் சனநாயகக் கட்சித் தலைமை தென் கரோலினாவை முதலில் வைத்தது. அங்கு அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் வாக்களிப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். மாற்றத்தில் நியாயம் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் தன் சட்டத்தைக் காட்டி சனவரி 23-இலேயே தேர்தலை நடத்தியது. அத்தேர்தல் பொருளற்றது எனக் கட்சித் தலைமை கடிதம் எழுத, அவ்வாறு கூறுவது வாக்காளரைத் தடுக்கும் குற்றமாகும் என மாநிலத் தலைமை வழக்கறிஞர் எச்சரிக்கை ஆணை அனுப்பினார். பொருளுடையதா, பொருளற்றதா என்று இரு தரப்பும் உரையாசிரியர்களைப் போல் வாதிட்டுக்கொண்டிருக்க, வாக்காளர் வழக்கம்போல் சென்று வரிசையில் நின்றார். பைடன் பெயர் சீட்டில் இல்லை, எழுதிச் சேர்த்தார்கள், அவரே வென்றார். காசாவில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. சிலர் வேட்பாளர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘போர்நிறுத்தம்’ என்று எழுதிப் போட்டனர். சீட்டின் அந்தச் சிறு கோட்டின்மேல் எழுதப்பட்டவற்றுள் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க ஒற்றைச்சொல் அது.

அதே தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர், ஞாயிற்றுக்கிழமை, ஆயிரக்கணக்கான வீடுகளில் தொலைபேசி மணி அடித்தது. எடுத்தால் பைடனின் குரல். செவ்வாயன்று வாக்களிக்க வேண்டா, உங்கள் வாக்கை நவம்பருக்குச் சேமித்து வையுங்கள் என்றது. அது பைடன் அன்று. செயற்கை நுண்ணறிவுக் கருவியால் செய்த போலிக்குரல். வேறொரு வேட்பாளர்க்குப் பணிபுரிந்த அரசியல் ஆலோசகர் ஒருவர் அதனைச் செய்வித்தார். செய்து கொடுத்தவர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மாயவித்தைக்காரர் ஒருவர். தமக்குக் கிடைத்தது 150 டாலர் என்றார் அவர். ஆலோசகருக்கு ஒன்றிய அரசின் தகவல்தொடர்பு ஆணையம் 60 இலட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆயினும் நியூ ஹாம்ப்ஷயர் நீதிமன்றத்தில் 2025 சூனில் சான்றாயர் குழு அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. அங்கே அவர் தரப்பில் வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று, அது கட்சியே ஏற்காத, பொருளற்ற தேர்தல்தானே என்பது.

இந்நிகழ்ச்சியில் மற்ற எதனையும்விட வருந்தத்தக்கது ஒன்று உண்டு. அவ்வாக்காளரின் அங்கதம் அருகாமையால் வளர்ந்தது. கையைத் தொட்டுப் பார்த்து, கண்ணை நேருக்கு நேர் பார்த்து, கேட்ட கேள்விக்கு விடை வரும்போது கால் மாற்றி நிற்கிறாரா என்று கவனித்து, அதன்பின் சிரித்த சிரிப்பு அது. மெக்கேன் 2000-ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக அங்கு 114 ஊர்க்கூட்டங்கள் நடத்தினார். கேள்வி தீரும்வரை நின்று விடையளித்தார். ஒத்துக்கொள்ளாதவர்களும் அவரை மதித்தார்கள். ஒரு மனிதரை 114 முறை பார்த்த ஊரில் அவரைப் பற்றி எதையும் சொல்லி ஏமாற்றிவிட முடியாது. போலிக்குரலைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? அதற்கு முகம் இல்லை. முடிதிருத்தும் கடைக்குள் அது நுழைவதில்லை. முக்காலியில் வந்து அமர்வதில்லை. நகர்ந்து இடம் கொடுக்கவும் வழியில்லை.

வரிசையின் கடைசியில் நிற்கும் மாநிலத்தார்க்கு இந்த அருகாமை என்றுமே வாய்த்ததில்லை. தமிழர் பெருந்தொகையாக வாழும் நியூ செர்சியில் முதனிலைத் தேர்தல் சூன் மாதத்தில் நடக்கும். 2024-இல் இரு கட்சிகளிலும் வேட்பாளர் யார் என்பது மார்ச்சு 12-இலேயே முடிவாகிவிட்டது. பந்தி முடிந்து இலை எடுத்தபின் வந்து அமர்ந்தவர் நிலைதான் அம்மாநில வாக்காளர்க்கு. அவர் என்ன செய்வார்? இந்தியானா மாநிலத்தார் ஒரு வழி கண்டார்கள். நிக்கி ஏலி மார்ச்சு 6-இல் விலகிவிட்டார். மே 7-இல் அங்கே தேர்தல். விலகி இரண்டு மாதம் ஆனவர்க்குத் தம் கட்சியினருள் ஐந்தில் ஒருவருக்கு மேல் வாக்களித்தார்கள். வெற்றி முடிவான பிறகு, ஆளில்லாத இருக்கைக்கு விழுந்த வாக்கு. அதுவும் ஔவையார் வேலைப் பார்த்துப் பேசிய பேச்சைப் போன்றதே.

அவ்வாண்டின் பெரிய விந்தை இன்னும் பின்னால் வந்தது. சூலை 21-இல் பைடன் விலகினார். கமலா ஆரிசு வேட்பாளரானார். அவர் 2019-இல் முயன்று, டிசம்பர் 3-இல், ஒரு வாக்கும் பதிவாகுமுன்னரே விலகியவர். 2024-இலோ எந்த மாநிலத்து முதனிலைத் தேர்தலிலும் நிற்காமலே கட்சியின் வேட்பாளராயினார். அவர் தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோயிலில் வழிபாடு நடந்தது. நியூ ஹாம்ப்ஷயர் முதல் நியூ செர்சி வரை ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாதக்கணக்கில் வரிசையில் நின்று தெரிவு செய்தது வேறொருவரை. மூன்று முறை சந்தித்தும் முடிவு செய்யாத அந்தப் பழைய வாக்காளர் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார் என்பதை அவையோர் எண்ணிப் பார்க்கலாம்.

நியூ ஹாம்ப்ஷயரில் வாக்காளருள் பத்தில் நான்கு பேர் அளவில் எக்கட்சியிலும் தம்மைப் பதிந்துகொள்ளாதவர்கள். தேர்தலன்று வந்து, இரு கட்சிகளுள் ஒன்றன் சீட்டைக் கேட்டு வாங்குவார்கள். வாங்கிய கணத்தில் அக்கட்சியினராகிவிடுவார்கள். வாக்களித்துவிட்டு வெளியேறும் வழியில் ஒரு மேசை இருக்கும். அங்கே ஒரு படிவத்தில் கையொப்பமிட்டால் மறுபடியும் கட்சி சாராதவர். பத்து நிமிடக் கட்சி வாழ்வு. அப்படிவத்துக்கு வரிசை நிற்கும்; முன்னால் நிற்பவர் எழுதி முடித்ததும் பேனாவைப் பின்னால் நிற்பவரிடம் நீட்டுவார்.

2028-ஆம் ஆண்டின் வரிசையில் அம்மாநிலம் எங்கே நிற்கும் என்ற வழக்கு தீருமுன்னரே, 2025 ஏப்ரல் மாதம் இல்லினாய் ஆளுநர் பிரிட்சுகர் மான்செஸ்டர் நகருக்கு வந்து, கட்சி விருந்தொன்றில் உரையாற்றிச் சென்றார். தேர்தலுக்கு இன்னும் மூன்றாண்டு இருந்தது. மறுநாள் காலை முடிதிருத்தும் கடைகள் வழக்கம்போல் திறந்தன.